ஒற்றைப் பேர்

கடையநல்லூர் தாண்டியதும் குழல்வாய்மொழி கைப்பையின் ஜிப்பை மறுபடி இழுத்தாள். பாஸ்போர்ட் அங்கேயேதான் இருந்தது. எங்கே போய்விடும். கணவன் டைட்டஸுடையது, மகள் அமலியுடையது, தன்னுடையது எல்லாவற்றையும் சேர்த்து ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தாள். முன் சீட்டில் டிரைவரோடு பேசிக்கொண்டிருந்த டைட்டஸ் திரும்பிப் பார்த்துவிடக் கூடாதென்று, தன்னுடையதை மட்டும் உருவி மடியில் தாழ்த்தி வைத்து விரித்தாள். குடும்பப் பெயர் என்று அச்சடித்த இடத்துக்குக் கீழே ஒன்றுமில்லை. அதற்கடுத்த வரியில் அவள் பெயர், ஆங்கிலத்தில், கூட்ஸ் வண்டி மாதிரி நீளமாக. இவ்வளவு நீளப் பெயர் ஒரு ஆளுக்குப் போதாதாம். ஒற்றைப் பேர்க்காரர்களைத் துபாய்க்காரன் உள்ளே விடமாட்டானாம். பேருக்குப் பின்னால் இன்னொரு பேர் வேண்டுமாம். குற்றாலத்து அம்மன் பேர் இது. அந்த அம்மனே சூட்கேசைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றாலும், உன் அப்பன் பேர் என்ன தாயே என்று கேட்டுத்தான் மறுவேலை பார்ப்பான். சிரிப்பு வரப் பார்த்தது. அவள் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். அங்கே இருந்தது. தகப்பனார் பெயர்: நல்லசிவம். அதைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டாள். பிறகு, அச்சு அழிந்துவிடுமோ என்று சட்டென்று விரலை எடுத்துவிட்டாள்.

டிக்கெட் போட்டுக் கொடுத்த காஜா முகைதீன் பாய் அன்றைக்கே தெளிவாகச் சொல்லிவிட்டார். "கவலையேபடாதீக தங்கச்சி. ஒங்க அத்தா பேரு கடைசிப் பக்கத்துல இருக்குல்லா, அதச் சேத்துத்தான் விசாவும் டிக்கெட்டும் போட்டிருக்கேன். கேட்டா அந்தப் பக்கத்த விரிச்சுக் காட்டுங்க. அம்புட்டுதான்." சொன்னவர் கையோடு இன்னொன்றையும் சொல்லித் தொலைத்தார்: "சில சமயம் கவுண்டர்ல புதுப் புள்ளைய இருக்கும், அதுகளுக்கு ரூல் தெரியாது. அப்ப சத்தம் போடாதீக, மேனேஜரக் கூப்பிடச் சொல்லுங்க." அந்தச் சில சமயம் இன்றைக்காக இருந்தால்? ஷார்ஜாவில் இருக்கும் நாத்தனார் பிலோமினா, ஒன்றும் ஆகாது அண்ணி, தைரியமாக வாங்க என்று வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியிருந்தாள். அதே பிலோமினாதான் போன மாதம், அவள் வீட்டுக்காரருடைய ஆபீசில் யாரோ ஒருவருடைய மனைவியைத் திருச்சியிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டார்கள், புருஷனும் பிள்ளைகளும் ஏறிப் போய்விட்டார்கள், அவள் மட்டும் டாக்சி பிடித்து ஊருக்கு வந்தாள் என்றும் சொல்லியிருந்தாள். புருஷன் எப்படி ஏறிப் போனான். பிள்ளைகள் கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்திருக்குமா. டாக்சியில் அந்தப் பெண் என்ன யோசித்துக்கொண்டு வந்திருப்பாள். டைட்டஸ் ஏறமாட்டான். ஆனால் அமலிக்குக் காலாண்டு லீவில் முதல் விமானம், பள்ளிக்கூடம் பூராவும் சொல்லி வைத்திருக்கிறாள். நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க என்று தானேதான் சொல்லவேண்டி வரும். அதை எந்த முகத்தோடு சொல்வது என்று ஒரு வாரமாக ஒத்திகை பார்த்தாயிற்று. இது போதாதென்று கசகசா. அந்த ஊருக்குள் கசகசா கொண்டுபோனால் ஜெயில் என்று யாரோ சொல்ல, பிலோமினாவுக்கென்று அரைத்து வைத்திருந்த கறிமசாலாவில் கசகசா போட்டோமா இல்லையா என்று ஞாபகம் வராமல், நேற்றுக் காலையில் அவ்வளவையும் வாழைத்தூரில் கொட்டினாள். கொட்டியபிறகும் சந்தேகம் தீரவில்லை. சூட்கேசில் ஓரிரண்டு மணி சிந்தியிருந்தால்? கடுகை விடச் சின்னது. கண்ணுக்கே தெரியாதது ஆளை உள்ளே தள்ளிவிடும். கண்ணுக்குத் தெரியாததுதான் எப்போதும் தள்ளுகிறது.

"அம்மா, ஏன் மறுபடி மறுபடி அதையே பாக்க?" அமலி காதிலிருந்து இயர்போனைக் கழற்றாமலே கேட்டாள். "சும்மாதான்." "அப்பாகிட்ட சொல்லவா?" "வாய மூடிட்டு பாட்டக் கேளு." டைட்டஸ் திரும்பவில்லை. ஆனால் கேட்டுவிட்டது, அவன் பிடரி கேட்டதைச் சொன்னது. பதினாறு வருஷம் ஒருவனோடு இருந்தால் பிடரி பேசும். ஒன்றும் சொல்லமாட்டான். ஆஸ்பத்திரியில் பக்கவாதக்காரர்களுக்குக் கைகால் பயிற்சி கொடுக்கிறவன், வலிக்கிற இடத்தை அழுத்தக் கூடாத நேரம் எதென்று தெரிந்தவன். எட்டு வருஷத்துக்கு முந்திப் பாஸ்போர்ட் ஆபீசிலும் அவன் ஒரே ஒரு தடவைதான் சொன்னான்: "என் பேரச் சேத்துக்கயேன் குழலி, இடம் சும்மாதானே கிடக்கு." ஒருத்தர் பேரைக் கழற்றி எறிந்த இடத்தில் இன்னொருத்தர் பேரை ஒட்டுவதா. கவுண்டரில் இருந்த பெண், இனிஷியலை விரித்துப் போடணுமா அம்மா என்று கேட்டபோது, "வேண்டாம், பேர் மட்டும் போதும்" என்று தலையை நிமிர்த்தித்தான் சொன்னாள். அந்த நிமிர்வு இன்னும் கழுத்தில் ஞாபகமிருக்கிறது. கடைசிப் பக்கத்தில் அப்பா பேர் கட்டாயம் வரும் என்று அந்தப் பெண் சொன்னதும், வரட்டும், கடைசிப் பக்கத்தை எவன் பார்க்கப்போகிறான் என்று நினைத்தாள். அதற்கும் எட்டு வருஷம் முன்னால், கல்யாணமான மறுநாள், மாலை கூடக் காயாமல் போலீஸ் ஸ்டேஷனில் பாதுகாப்புக் கேட்டு உட்கார்ந்திருந்தபோது, அப்பா வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் எலுமிச்சை மண்டிச் சாவி. அடிப்பார் என்று பயந்திருந்தாள். அடித்திருக்கலாம். இன்ஸ்பெக்டர் கேட்டார்: "பெரியவரே, இது உங்க மகதானே?" அப்பா அவளைப் பார்க்கவே இல்லை. இன்ஸ்பெக்டரின் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் செருகியிருந்த காலண்டர் அட்டையைப் பார்த்தபடி, "எனக்கு ரெண்டு பயலுவதான் சார். பொட்டப்புள்ள கிடையாது" என்றார். எங்கே கையெழுத்துப் போடணும் என்று கேட்டார், போட்டார், போனார். வாசலில் செருப்பு மாட்டும்போது ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டார். அதை அவள் பார்த்தாள். டைட்டஸ் பார்க்கவில்லை. அதை அவனிடம் இன்றுவரை சொன்னதில்லை. சொன்னால் அப்பாவுக்காகப் பேசுவதுபோல் ஆகிவிடும்.

"அக்கா, புளியங்குடில நிப்பாட்டவா? நல்ல டீக்கடை இருக்கு" என்றான் டிரைவர். "வேண்டாம்" என்று டைட்டஸ் அவளுக்கு முந்திச் சொன்னான். "ராஜபாளையத்துல பாத்துக்கலாம் தம்பி." மதுரைக்குப் போவதென்றால் அவள் எப்போதும் ரயில்தான். ரயில் சங்கரன்கோவில் வழியாகச் சுற்றிப் போய்விடும். பிறந்த ஊரான புளியங்குடி கண்ணில் படாது. இத்தனை பெட்டியை ரயிலில் தூக்கமுடியாது, ஸ்டேஷனிலிருந்து ஏர்போர்ட்டுக்கு இன்னொரு வண்டி பிடிக்கணும் என்று டைட்டஸ் சொன்னபோது மறுக்க வாயில் காரணம் இல்லை. சொக்கம்பட்டி தாண்டியது. மலை இடது பக்கம் கூடவே வந்தது. அந்த மலையின் வளைவுகளெல்லாம் அவளுக்கு மனப்பாடம்; பள்ளிக்கூட ஜன்னலிலிருந்து பார்த்தால் படுத்திருக்கும் ஒட்டகம். வண்டி திடீரென்று ஊர ஆரம்பித்தது. முன்னால் ஒரு லாரி, பின்பக்கம் திறந்து, மூட்டை மூட்டையாக ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கண்ணாடியை ஏற்றிவிட்டிருந்தும் வாசம் வந்தது. ஏசி வழியாக வந்ததா, அவளுக்குள்ளிருந்தே வந்ததா. "அம்மா, எலுமிச்சங்கா வாசம்!" என்றாள் அமலி. "எவ்ளோ மூட்ட பாரேன்." அவள் குனிந்து செருப்பின் வாரைச் சரிசெய்தாள். சரியாக இருந்த வாரைக் கழற்றி மறுபடி மாட்டினாள். தலைக்கு மேலே தெருக்கள் கடந்துபோவது தெரிந்தது: பஸ் ஸ்டாண்டு ஹாரன், ஒரு பள்ளிவாசல் ஒலிபெருக்கியின் கரகரப்பு, ஆக்கர் கடையில் பழைய இரும்பு அடிக்கிற சத்தம், இப்போது மண்டித் தெரு முக்கு, இப்போது, இப்போது போயிருக்கும். வாசம் மட்டும் போகவில்லை. அது அப்பாவின் விரல்களில் இருக்கும், வேட்டி மடிப்பில் இருக்கும், அவர் எண்ணிக் கொடுக்கிற ரூபாய் நோட்டில் இருக்கும். அம்மா இறந்தபோது அவளுக்கு ஏழு வயது. அதன்பிறகு தலை பின்னிவிட்டது அப்பாதான். இரண்டு பின்னலும் ஒருபோதும் ஒரே உயரத்தில் வந்ததில்லை. டீச்சர் சிரிப்பாள், பிள்ளைகள் சிரிக்கும், அவள் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து நடந்து சரிக்கட்டிக்கொள்வாள். நாள் முழுக்கத் தலையில் எலுமிச்சை மணக்கும். பஸ்ஸில் போனால் அவளுக்கு வாந்தி வரும். அப்பா நகத்தால் ஒரு பழத்தைக் கீறி அவள் மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டே வருவார், திருநெல்வேலி வரைக்கும், கை மாற்றாமல். தெருவே அவளைக் குழலி என்றது, அண்ணன்கள் மொழி என்றார்கள். அவர் மட்டும் ஒரு தடவை கூடச் சுருக்கியதில்லை. "எம்மா, குழல்வாய்மொழி" என்று வாசலிலிருந்து கூப்பிட்டால் கடைசி எழுத்து வந்து சேருவதற்குள் அவள் வாசலுக்கு வந்துவிடுவாள். சாமி பேரைச் சுருக்கக் கூடாதும்மா என்பார். சுருக்கவில்லை. ஒரேயடியாக விட்டுவிட்டார்.

நிமிர்ந்தபோது வாசுதேவநல்லூர்ப் போர்டு. டிரைவர் தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் டைட்டஸின் கண் ஒரு நொடி அவளைத் தொட்டு, ரோட்டுக்குப் போனது. அவள் பாஸ்போர்ட்டை உள்ளே வைத்து ஜிப்பை மூடினாள். அது மட்டும் நினைவுக்கு வரக்கூடாதென்று நினைத்தாள். அப்படி நினைத்ததே அதைக் கூப்பிட்டதாக ஆகிவிட்டது. அவள் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குச் சுற்றுவட்டாரத்துக் கிளைகளிலிருந்தெல்லாம் குழாய்கள் வரும், ஐஸ் பெட்டியில், ஒவ்வொன்றிலும் ஒட்டிய காகிதத்தில் பேர், வயது. மூன்று வருஷத்துக்கு முந்தி ஒரு மத்தியானம் புளியங்குடிப் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தாள். நல்லசிவம், 68, ஆண். இனிஷியல் எழுதவில்லை. எடுத்தவன் சோம்பேறி. புளியங்குடியில் நல்லசிவம் ஒருவர்தானா. பலசரக்குக் கடை நல்லசிவம் இருக்கிறார், மேலத்தெருவில் தையல்காரர் ஒருவர் இருக்கிறார், இன்னும் எத்தனை பேரோ. வயதுதான் சரியாக இருந்தது. ஆனால் ஒரு வயதில் ஊருக்கு ஐம்பது பேர் இருப்பார்கள். குழாயைக் கையில் பிடித்திருந்தாள். எல்லா ரத்தமும் போலத்தான் இருந்தது. அதை வைத்து ஒன்றும் சொல்லமுடியாது. ஆனாலும் குழாயை வெகுநேரம் உள்ளங்கையில் மூடி வைத்திருந்தாள், குளிர் போகிற வரைக்கும், அப்படிச் செய்யக்கூடாது என்று தெரிந்தும். மெஷினில் போட்டாள். கிரியாட்டினின் ஏழைத் தாண்டி நின்றது. இரண்டு சிறுநீரகமும் கிட்டத்தட்டப் போய்விட்ட ஆள். இன்னொரு தடவை போட்டாள். அதே ஏழு. ஒரு போன் போட்டு அந்தக் கிளைப் பையனிடம், ஏண்டா, இந்த நல்லசிவம் எந்தத் தெரு, அப்பா பேர் என்ன, என்று கேட்டிருக்கலாம். தினமும் கேட்கிறதுதான், ஒரே பேரில் இரண்டு பேர் வந்தால் அப்பா பேரைக் கேட்டுத்தானே பிரிப்பது. போனை எடுத்தாள், வைத்தாள். ஆமாம் அவர்தான் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது. இல்லை என்று சொல்லிவிட்டால் ஏன் ஏமாற்றமாக இருக்கப்போகிறது. மண்டித் தெரு முக்குக்குப் போய் நின்று, அப்பா உங்க ரத்தத்தைப் பார்த்தேன் என்றா சொல்வது. எனக்குப் பொட்டப்புள்ள கிடையாது என்பவரிடம். கையெழுத்துப் போட்டு ரிப்போர்ட்டை அனுப்பினாள். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் உப்பே போடவில்லை என்று அமலி சொன்னாள். இப்போதும் யோசித்துப் பார்க்கிறாள். அது அவர் இல்லாமலும் இருக்கலாம். தையல்காரராக இருக்கலாம். தையல்காரர் உயிரோடு இருக்கிறாரா என்று விசாரிக்க அவளுக்குத் தைரியம் இல்லை.

ராஜபாளையத்தில் டீ குடித்தார்கள். டிரைவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "அக்கா ஏன் ஒரு மாதிரி இருக்காவ, பிளைட்டு பயமா? பஸ்ஸ விட ஆட்டம் கம்மிக்கா" என்றான். "அவளுக்குப் பிளைட்டு பயம் இல்ல தம்பி, ஆபீசர் பயம்" என்றான் டைட்டஸ். அப்படிச் சொல்லிவிட்டு அவள் கையிலிருந்த டம்ளரை வாங்கி ஆற்றிக் கொடுத்தான். ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டி, கிருஷ்ணன்கோவில் தாண்டி, வெயில் ஏறி, காற்றாலை ஒன்றுமில்லாத வெற்றுக் கரிசல் இரண்டு பக்கமும் ஓடத் தொடங்கியபோது அவள் மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள்: என் பேர் குழல்வாய்மொழி நல்லசிவம். இரண்டையும் சேர்த்துச் சொல்ல நாக்கு மறுத்தது. நடுவில் ஒரு பள்ளம் இருந்தது, நாக்கு ஒவ்வொரு தடவையும் அங்கே இடறியது. பள்ளிக்கூடத்தில் ந. குழல்வாய்மொழி. அந்த ஒரு எழுத்துக்குள் அவர் காலை மடக்கி உட்கார்ந்திருந்தார், எவ்வளவு காலம். வருகைப் பதிவில், மார்க் சீட்டில், டைபாய்டு வந்து படுத்திருந்தபோது ஆஸ்பத்திரிக் கட்டிலின் கால்மாட்டுப் பலகையில். பிறகு அவர் செத்த அன்று. ஆடி மாதம். ஒரு கிழவருக்கு ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தாள். கூட வந்த பெண் யாரிடமோ போனில் சொன்னாள்: "புளியங்குடி பூரா கடை அடைப்பு, லெமன் மண்டி நல்லசிவம் செத்துப்போனாராம்ல, வார வழியெல்லாம் ஒரே கூட்டம்." ஊசி கிழவரின் நரம்புக்குள் இருந்தது. ரத்தம் குழாயில் ஏறி முடிகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள், ஊசியை உருவினாள், பஞ்சை வைத்தாள், கையை மடக்கிக்கோங்க தாத்தா என்றாள். பிறகு டைட்டஸுக்குப் போன் செய்தாள். பைக்கில் போனார்கள். தெரு முக்கில் பெட்ரோல் பங்குக்குப் பக்கத்தில் பெரிய அண்ணன் சண்முகவேல் வந்து மறித்தான். அவனும் அழுது வீங்கிப்போய்த்தான் இருந்தான். "மொழி, வந்துட்டியா" என்றான் முதலில். அது அவன் வாயிலிருந்து தவறி விழுந்துவிட்டது. பிறகு பின்னால் யார் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்துவிட்டு, "போயிரு. நாலு பேரு நாலு விதமாப் பேசுவான். ஒரு கலவரம் ஆச்சுன்னா அப்பாவ நிம்மதியாத் தூக்க முடியாது. போயிரு தாயி" என்றான். கும்பிட்டான். அண்ணன் தங்கையைக் கும்பிட்டால் அதற்குமேல் என்ன செய்வது. எதிர்ச் சுவரில் போஸ்டர் ஒட்டியிருந்தார்கள், பசை இன்னும் ஈரமாக வழிந்துகொண்டிருந்தது. கண்ணீர் அஞ்சலி. அப்பா படம், யாரோ கல்யாணத்தில் எடுத்தது, சிரிக்கலாமா என்று யோசிக்கிற முகம். கீழே பேர்கள். மகன்கள், மருமகள்கள், பேரன்கள், பேத்திகள், சம்பந்தி வீட்டார், மண்டித் தொழிலாளர்கள். எல்லாப் பேரையும் வரிசையாகப் படித்தாள், பரீட்சை முடிவு பார்க்கிறவள் மாதிரி, ஒருவேளை கீழே எங்காவது, ஒருவேளை அச்சகத்தின் பேருக்கு மேலே. அழுகை வரவில்லை. வீட்டுக்கு வந்து குளித்தாள். தலைக்குக் குளிக்கலாமா கூடாதா, அவளுக்குத் தீட்டு உண்டா இல்லையா, தெரியவில்லை. யாரைக் கேட்பது. மறுநாள் வேலைக்குப் போனாள். யாரும் துக்கம் கேட்கவில்லை. யாருக்கும் தெரியாது, தெரிந்தவர்களுக்கு அவளிடம் கேட்கலாமா என்று தெரியவில்லை. அமலிக்கு அப்போது ஒன்பது வயது, அவளிடம் என்ன சொல்லித் தொடங்குவது. இரண்டு வருஷம் ஆகிவிட்டது, இன்னும் தொடங்கவில்லை.

ஏர்போர்ட் அவள் நினைத்ததை விடச் சின்னதாக இருந்தது. வாசலில் துப்பாக்கி வைத்திருந்த போலீஸ்காரர் டிக்கெட்டையும் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்து உள்ளே விட்டார். விமானக் கம்பெனி கவுண்டரில், பாய் பயமுறுத்தியிருந்தது போலவே, சின்னப் பெண்தான். உதட்டுச் சாயம் பல்லில் கொஞ்சம் ஒட்டியிருந்தது. "மேடம், சர்நேம் இல்லையே" என்றாள். இதோ. டாக்சி. ஊர். அமலி அவள் கையைப் பிடித்தாள். டைட்டஸ் வாயைத் திறக்குமுன் அவளே பாஸ்போர்ட்டை வாங்கிக் கடைசிப் பக்கத்தை விரித்து வைத்தாள். "அப்பா பேர் இருக்கு. விசாவுல சேத்துத்தான் இருக்கு." குரல் சண்டைக்குப் போகிற குரலாக வந்துவிட்டது. பெண் அதைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், பக்கத்துக் கவுண்டர்காரரிடம் என்னவோ கேட்டாள், அவர் எட்டிப் பார்த்துத் தலையாட்டினார். "ஓகே மேடம். அப்பா பேர் இருந்தாப் போதும்." போதும். அவ்வளவுதானா. ஒரு வாரத்துப் பயம், வாழைத்தூரில் கொட்டிய மசாலா எல்லாம் அந்த ஒரு சொல்லில் முடிந்துவிட்டது. பெட்டிகள் பட்டையில் ஏறிப் போய் ரப்பர்த் திரைக்குள் மறைந்தன. "பாத்தியா, நான் சொல்லல?" என்றான் டைட்டஸ். "சொன்னீங்க" என்றாள்.

குடியேற்ற வரிசையில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். டைட்டஸும் அமலியும் ஒரு மேஜைக்குப் போனார்கள். அவளை அடுத்த மேஜைக்குக் கைகாட்டினார்கள். கண்ணாடிக்குப் பின்னால் ஐம்பது வயதிருக்கும் ஒருவர், கண்ணுக்கடியில் பை தொங்க, விபூதி அழிந்த நெற்றி. பாஸ்போர்ட்டை வாங்கி, பக்கத்தைப் புரட்டி, திரையில் தட்டினார். என்னவோ பதியவில்லை, மறுபடி தட்டினார். "எதுக்குப் போறீங்க?" "நாத்தனார் வீட்டுக்கு. லீவுக்கு." "பேர் சொல்லுங்க." "குழல்வாய்மொழி." "நல்ல பேரு" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அப்பா பேர் என்னம்மா?" கவுண்டர் பெண்ணிடம் பக்கத்தை விரித்துக் காட்டிவிட்டாள். காரில் மனதுக்குள்தான் சொல்லிப் பார்த்தாள். வாயைத் திறந்து, இன்னொரு மனிதருக்குக் கேட்கிற மாதிரி, அந்தப் பேரைச் சொல்லிப் பதினாறு வருஷம் ஆகிறது என்பது அந்தக் கணத்தில்தான் அவளுக்குத் தெரிந்தது. "நல்லசிவம்" என்றாள். சத்தம் வரவில்லை. "கேக்கலம்மா." "நல்லசிவம்." சொல்லிவிட்டு, யாரும் கேட்காமலே, "இறந்துட்டாங்க" என்றாள். அதைச் சொல்லவேண்டிய தேவையே இல்லை. ஏன் சொன்னோம், இதனால் ஏதாவது சிக்கல் வருமா, பாய் இதைச் சொல்லச் சொல்லவில்லையே என்று மனம் பதறியது. அந்த ஆள் தட்டுவதை நிறுத்தினார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"அடடா. எப்பம்மா?"

"ரெண்டு வருஷம் ஆகுது. ஆடியில."

"வயசு?"

"அறுபத்தொம்பது."

"என்ன ஒடம்புக்கு?"

"கிட்னி" என்றாள். அது அவர்தான். அந்தக் குழாய் அவருடையதுதான். வேறு எந்த நல்லசிவமும் இல்லை. அவளுக்கு எப்போதுமே தெரியும்.

"கடைசில பக்கத்துல இருந்தீங்களா?"

"இல்ல."

அவர் மெதுவாகத் தலையை அசைத்தார். "எங்கப்பாவுக்கும் நான் இல்லம்மா. சென்னையில டூட்டி. போறதுக்குள்ள எடுத்துட்டாங்க." முத்திரையை எடுத்து, பக்கத்தைத் தட்டையாக அழுத்தி, ஓசை வராமல் பதித்தார். துக்க வீட்டுக்கு வந்தவர்கள் இதைத்தான் கேட்பார்கள், இந்த வரிசையில்தான். எப்போது, வயசு என்ன, உடம்புக்கு என்ன, பக்கத்தில் இருந்தாயா. கேட்டுவிட்டு, தங்கள் வீட்டுச் சாவு ஒன்றைச் சொல்லுவார்கள். பதில் சொல்லச் சொல்லத்தான் செத்தவர் செத்தவராக ஆவார். இந்த ஆளுக்கு அவள் யார், என்ன சாதி, யாரோடு ஓடிப்போனவள், எந்தப் போஸ்டரில் பேர் விட்டுப்போனவள், ஒன்றும் தெரியாது. பாஸ்போர்ட்டைக் கண்ணாடிக்கு அடியில் தள்ளினார். அவளுக்கு நன்றி சொல்ல வாய் வந்தது. துக்கம் கேட்டவரிடம் நன்றி சொல்லக்கூடாது, போய்வருகிறேன் என்றும் சொல்லக்கூடாது. எடுத்துக்கொண்டு சொல்லாமல் நடந்தாள். அவர் அடுத்த ஆளைப் பார்த்துக் கையை அசைத்தார்.

அப்பால் வந்ததும் கால் நின்றுவிட்டது. கண்ணாடிச் சுவருக்கு வெளியே விமானம் வெயிலில் நின்றது. அமலி ஓடிவந்தாள். "அம்மா, என்னாச்சு? விடமாட்டேன்னுட்டாங்களா?" "விட்டுட்டாங்கம்மா." "பெறகு ஏன் அழுத?" அழுகிறோம் என்பது அதன் பிறகுதான் தெரிந்தது. முகம் பூரா நனைந்து, மூக்கு ஒழுகி, சேலைத் தலைப்பை எங்கே வைத்தோம் என்று தெரியாமல் தேடினாள். சுடிதார் போட்டிருந்தாள். "எங்கப்பா செத்துப்போயிட்டாங்க அமலி" என்றாள். அமலி அப்பாவைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். தனக்கு அப்படி ஒரு தாத்தா இருந்தாரா, இப்போதா செத்தார், யார் போன் செய்தார்கள், ஊருக்குத் திரும்பிப் போகவேண்டுமா என்று பதினொரு வயதுக் கண்ணில் கேள்விகள் ஒன்றையொன்று முட்டித் தள்ளின. தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகித் திறந்து நீட்டினாள். டைட்டஸ் கைச்சாமான்களைக் கீழே வைத்தான். அவளைத் தோளைப் பிடித்து இரும்பு நாற்காலியில் உட்காரவைத்தான். வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு அம்மாள், என்ன தம்பி, யாருக்கு என்ன என்று கேட்டுக்கொண்டே பக்கத்தில் வந்தாள். "மாமனார் தவறிட்டாங்கம்மா" என்றான் டைட்டஸ். அவன் அந்தச் சொல்லைச் சொல்லி அவள் கேட்டதே இல்லை. அந்த அம்மாள் "ஐயோ தாயே" என்று அவள் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒலிபெருக்கியில் ஏதோ விமானத்தைக் கூப்பிட்டார்கள். குழல்வாய்மொழி பதறி எழப் பார்த்தாள். டைட்டஸ் அவள் முதுகில் கை வைத்து அழுத்தினான்.

"நம்ம வண்டி இல்ல. இன்னும் நேரம் கிடக்கு குழலி" என்றான். "அழு."